கம்பானியனும் கம்பானியளும்

குற்றாலத்தில் தண்ணீர் விழாத காலத்தில் போயிருக்கிறீர்களா? புத்தியுள்ள யாரும் போவதில்லை. நான் போயிருக்கிறேன், அதுவும் ஞாயிறு தவறாமல்.

பங்குனி வெயில். பேரருவிப் பாறை காய்ந்து கிடக்கிறது. உச்சியிலிருந்து நூல் போலக் கொஞ்சம் தண்ணீர் இறங்கி, பாதி வழியிலேயே எங்கோ காணாமல் போகிறது. மற்ற நாளில் அருவிக்குள் மறைந்திருக்கும், பாறையில் செதுக்கிய லிங்கங்கள் எல்லாம் வெளியே வந்து நிற்கின்றன. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். எண்ணெய் வாடை மட்டும் பாறையை விட்டுப் போகாமல் இருக்கிறது. பங்களாக்களில் பூட்டு.

அந்தப் பாறையின் முன்னால், கையில் பழைய இங்கிலீஷ் பத்திரிகைத் தாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

"ரெஸ்! பான்! ஸி! பி! லி! டி!"

எதிரே ஒரு குரங்குக் குடும்பம். அப்பன், ஆத்தாள், மடியில் குட்டி. ஆத்தாள் குரங்கு தன் வீட்டுக்காரனுக்குப் பேன் பார்த்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தது. இந்த ஆளுக்குப் பேன் பார்க்க வீட்டில் யாரும் இல்லை போலிருக்கிறது என்று அது நினைத்திருந்தால், மிகச் சரியாக நினைத்தது.

தரகர் வெட்டிய சொல்

போன அத்தியாயத்தில் என் கல்யாணப் பந்தியில் பாயசம் பாதியில் தீர்ந்துபோனதை எழுதியிருந்தேன். கல்யாணம் தீர்ந்துபோன கதையை எழுதவில்லை. அதைத்தான் இப்போது சொல்லுகிறேன்.

உலகச் சண்டைக் காலம் அது. மலையிலிருந்து மரம் இறக்கி ரயிலில் ஏற்றி அனுப்பும் கம்பெனி ஒன்றில், தென்காசியில், நான் டெம்பரரி கிளார்க். பெண் கேட்டுப் போன தரகர் வாசுதேவநல்லூரில் அந்தப் பதவியைச் சொல்லும்போது முன்பாதியை வெட்டிவிட்டுப் பின்பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். இங்கிலீஷ் சொல்லை எங்கே வெட்ட வேண்டும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கல்யாணம் முடிந்து கோமதி என்னோடு இருந்தது கொஞ்ச நாள்தான். ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போக மாமனார் வந்தார். வந்தவர் கம்பெனி வாசலில் யாரிடமோ என் பேரைச் சொல்லி விசாரித்தார். "யாரு, அந்த டெம்பரரியா?" என்று அவன் திருப்பிக் கேட்டான்.

மாமனார் நெல் விளைவிக்கிற மனிதர். கோபத்தைக்கூட அவசரப்படாமல் விளையவிட்டுத்தான் அறுப்பார். பஸ் ஏறுகிற நேரத்தில் சொன்னார்:

"மாப்ள, வேலை பெர்மனென்டு ஆவட்டும். பெறகு வந்து கூட்டிட்டுப் போங்க. எம்பிள்ளை டெம்பரரியாக் குடும்பம் நடத்த வேண்டாம்."

ஆடி போனது. ஆவணி வந்தது. தீபாவளி, பொங்கல் எல்லாம் முறையாக வந்து முறையாகப் போயின. கோமதி வரவில்லை.

மேலே யார் விறகு வெட்டுவது?

கம்பெனியில் நிரந்தரமான இடம் ஒன்று காலியாக இருந்தது. கரஸ்பாண்டன்ஸ் கிளார்க். அந்த வேலையின் பெயரைத் தடுக்காமல் சொல்லத் தெரிந்தவனுக்குப் பாதி வேலை கிடைத்த மாதிரி. எனக்கு அந்தப் பாதியும் கிடைக்கவில்லை.

எங்கள் மானேஜர் மலைக்கு அந்தப் பக்கத்து மனிதர். அவர் தமிழில் மலையாளமும், மலையாளத்தில் இங்கிலீஷும், இங்கிலீஷில் வெற்றிலையும் கலந்திருக்கும். "சித்திரை கழியட்டே. ஞான் டெஸ்ட் வைக்கும். இங்கிலீஷ் தடுக்காதே வாசிக்கணும், அர்த்தமும் பறயணும். பாஸானால் ஸீட் நினக்கு" என்று சொல்லியிருந்தார்.

சின்னச் சொற்களோடு எனக்குப் பகை கிடையாது. கேட், ரேட், போட் எல்லாம் என்னைக் கண்டால் வாலாட்டும். நீளமான சொற்கள்தான் தொல்லை. தென்காசி ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி நிற்பது போல நிற்கும். எஞ்சின் எங்கே, கார்டு எங்கே என்று தெரியாது.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு உருப்படியாக வந்த ஒரே பாடம் தமிழ் இலக்கணம். அதில் பகுபதம் என்று ஒன்று உண்டு. 'நடந்தான்' என்று ஒருவன் நிம்மதியாக நடந்துபோனால், அவனை மறித்து, 'நட' பகுதி, 'ஆன்' விகுதி என்று தலையையும் காலையும் தனித்தனியாக எடுத்து, நடுவில் கிடக்கும் எலும்புக்கெல்லாம் பெயர் வைப்பது. தமிழனை வெட்டலாம் என்றால் வெள்ளைக்காரனை வெட்டக் கூடாதா என்று பென்சிலை எடுத்தேன்.

அன் / ஃபார்ச்சு / னேட் / லி. முதலில் ஓசைக்காக வெட்டு. அப்புறம் பொருளுக்காக வெட்டு. 'அன்' என்றால் இல்லை. 'ஃபார்ச்சுன்' என்றால் அதிர்ஷ்டம். கடைசியில் ஒரு 'லி'. சாயங்காலம் விளக்கேற்றியதும் ஆரம்பித்தால், ஒவ்வொரு துண்டாக உரக்கச் சொல்லி, பிறகு ஒட்டிச் சொல்லுவேன்.

நான் குடியிருந்தது மாடியில் ஒற்றை அறை. கீழே மீரான் ராவுத்தர் வீட்டில் தறி. அவர் கட்டையை இழுத்து அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் நான் ஒரு துண்டு சொல்லுவேன். ஒருநாள் தறி நின்றது. படிக்கடியில் அவர் குரல்.

"ஏன்வே கிளார்க்கு! பகல் பூரா கம்பெனியில மரம் வெட்டுதீரே, போதாதா? ராவுலயும் மேல உக்காந்து விறகு வெட்டுதீரு?"

"படிக்கேன் அண்ணாச்சி. பரீட்சைக்கு."

"படிப்பா இது? நான் யாரையோ போட்டு நாலு துண்டா நறுக்குதீருன்னுல்லா நெனச்சேன். இந்த 'லி லி'ன்னு கடைசியில ஒண்ணு கத்துதீரே, அது என்னவே?"

"அது வாலு அண்ணாச்சி. இங்கிலீஷ்காரன் எந்தச் சொல்லை எடுத்தாலும் கடைசியில ஒரு 'லி' போடுதான்."

ராவுத்தர் கொஞ்சம் யோசித்தார். "நாம 'வாலே, போலே'ங்கோம். அவன் 'லி'ங்கான். அப்ப அவனும் திருநவேலிக்காரந்தான்னு சொல்லும்" என்றார். தறி மறுபடி ஓடியது.

'அன்' எங்கே வருகிறது?

வெட்டத் தெரிந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் கை அரிக்கும். எனக்கும் அரித்தது. 'அன்' என்றால் இங்கிலீஷில் இல்லை என்று அர்த்தம். அதனால் 'அங்கிள்' என்பவர் கிள் இல்லாதவர் என்று முடிவு செய்தேன். கிள் என்றால் என்ன என்று அகராதியில் தேடினேன். இல்லை. அதுதான் சொன்னேனே, இல்லாதவர் என்று.

தமிழில் 'அன்' பின்னால் வரும். வந்தால் ஆண்பிள்ளை. இங்கிலீஷில் முன்னால் வரும். வந்தால் இல்லை. கல்யாணமாகியும் பெண்டாட்டி இல்லாத ஆண்பிள்ளையான என்னை முன்னாலும் பின்னாலும் 'அன்' போட்டுத்தான் எழுத வேண்டும் என்று தோன்றும். தோன்றியதைச் சொல்லிச் சிரிக்க அறையில் ஆள் கிடையாது. நானே சிரித்துவிட்டு, நானே நிறுத்திக்கொள்ளுவேன்.

சாப்பாடு ரதவீதியில் ஒரு காபி கிளப்பில். தினமும் போகிறேன். தினமும் அதே பெஞ்சு. ஆனாலும் பரிமாறுகிறவர் தினமும் இலையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு ஆளா?" என்று கேட்பார். அவருக்கு அது வாய்ப்பழக்கம். நான் தலையை ஆட்டுவேன். அந்த நாளில் நான் வாய் திறந்து சொன்னதில் முக்கால்வாசி பாதிச் சொற்கள்தான்.

கத்திப் படிக்கத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் குற்றாலம் போவது. தென்காசியில் கத்தினால் ராவுத்தர் கேள்வி கேட்பார். அங்கே கேள்வி கேட்க அருவிகூட இல்லை.

திறந்திருந்தது ஒரே ஒரு டீக்கடை. கடைக்காரர் எனக்காகவே தண்ணீர் கொதிக்கவைக்க வேண்டும். "எல்லாரும் சீசனுக்கு வருவாக. சீசன் இல்லாத நாளாப் பாத்து வாற ஒரே ஆளு நீங்கதான் சார்" என்றார் ஒருநாள்.

நம் கைதான் அரிக்குமே. "சீசன்னா என்னன்னு தெரியுமா அண்ணாச்சி? சீ-ன்னா கடலு. சன்-னா மவன். கடலுக்குப் பொறந்த பய" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மலையைத் திரும்பிப் பார்த்தார். "சரியாத்தான் வச்சிருக்கான் வெள்ளைக்காரன். மழை மேக்கால கடல்ல இருந்துல்லா பொறப்பட்டு மலையேறி வருது?" என்றார்.

தப்பாக வெட்டியும் பொருள் சரியாக வந்துவிட்டது. அதுதான் என்னைக் கெடுத்தது. எங்கே வெட்டினாலும் உள்ளே ஒரு பொருள் உட்கார்ந்திருக்கும் என்று நம்பிவிட்டேன்.

மானேஜர் கேட்ட சின்னச் சொல்

டெஸ்ட் நாள் வந்தது. மானேஜர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்து, இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றை நீட்டினார்.

வாசித்தேன். நானா வாசித்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். ரெஸ்பான்ஸிபிலிடி ஒரே மூச்சில் வந்தது. அன்ஃபார்ச்சுனேட்லி வழுக்கிக்கொண்டு போனது. அட்மினிஸ்ட்ரேஷன் வந்தபோது மானேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் மனசு அதற்குள் வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டது.

"நன்னாயி" என்றார். "இனி அர்த்தம். சிறிய வாக்கு ஒந்நு சோதிக்காம். கம்பானியன்."

இந்தச் சொல்லை நான் படித்ததில்லை. நீளமானவர்களை எல்லாம் வீட்டுக்கு அழைத்துச் சீராட்டி, குட்டையானவனைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ஆனால் பயப்படவில்லை. பென்சில் இல்லாமலே மனசுக்குள் வெட்டினேன். பகுதி, கம்பெனி. விகுதி, அன். ஆண்பால். இவ்வளவு லேசான கேள்வியா?

"கம்பெனியில் வேலை பார்க்கும் ஆண், சார்."

மானேஜர் என்னையே பார்த்தார். "ஓ. பெண்ணாணெங்கில்?"

"பெண்ணாயிருந்தால் கம்பானியள், சார்."

மனிதருக்குச் சிரிப்பு முதலில் தோளில் வந்தது. பிறகு வயிற்றில் வந்தது. மேஜை ஆடியது. வெளியே கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மானேஜர் சொன்னார்:

"கம் என்றால் கூட. பிறகு பான். பான் என்றால் அப்பம். கூட இருந்து அப்பம் தின்னுன்ன ஆள். துணைடோ, துணை! ஆணானாலும் பெண்ணானாலும் கம்பானியன்தான்."

"சார், வாசிச்சதுக்காவது..."

"வாசிப்பு நன்னு. பக்ஷே வர்ற லெட்டருக்கு இப்படி அர்த்தம் பறஞ்ஞால் கம்பெனி பூட்டணும். அடுத்த வருஷம் நோக்காம்."

கெட்ட மனிதர் இல்லை. சிரித்தபோது சிரித்தார், பெயில் போடும்போது சிரிக்கவில்லை.

மாமனாரின் கேள்வி

அடுத்த ஞாயிறு குற்றாலத்துக்குப் போகவில்லை. வாசுதேவநல்லூருக்குப் போனேன். பெயிலான சமாசாரம் வேறு யார் வாயாலோ அங்கே போய்ச் சேர்வதற்கு முன், நானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.

மாமனார் களத்திலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. என்ன, பாஸா?"

"இல்ல மாமா."

'நீங்க' அதோடு முடிந்தது. "எந்தச் சொல்லுல விழுந்தீரு?" என்றார். அந்த வீட்டில் நான் இறங்கியதை நானே காதால் கேட்டேன்.

"கம்பானியன்."

"அப்படின்னா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "துணைன்னு அர்த்தம் மாமா."

அவர் செம்பைக் கீழே வைத்தார். "துணைக்கு என்ன இங்கிலீஷ்னு தெரியாத ஆளுக்குத் துணை எதுக்குங்கேன்?"

நியாயமான கேள்வி. வேறு யாராவது கேட்டிருந்தால், அந்த நகைச்சுவைக்காக நானே கை தட்டியிருப்பேன்.

அடுக்களைக்குள் அம்மி நின்றது. கோமதியின் குரல் வந்தது. முகம் வரவில்லை.

"தமிழ்ல தெரியாமலா இம்புட்டுத் தூரம் வந்திருக்காக?"

மாமனார் அடுக்களைப் பக்கம் திரும்பினார். "ஏட்டி, வேலை இன்னும் டெம்பரரிதான்."

"வேலைதானப்பா டெம்பரரி."

"அங்கன போயி அந்த ஒத்த அறையில கெடந்து என்னட்டி செய்யப் போற? ஒரு மாசத்துல அழுதுக்கிட்டு வந்து நிக்கப்புடாது."

"அழுகை வந்தா அங்கனயே அழுதுக்கிடுதேன்."

அம்மி மறுபடி ஓடியது. பிறகு மாமனார் என்னைப் பார்க்காமல், தூணைப் பார்த்து, "சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க. மூணு மணி வண்டிய விட்டா இடம் கெடைக்காது" என்றார்.

'நீங்க' திரும்பி வந்திருந்தது.

கரி வண்டியில்

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் தகரப்பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். கோமதி இரண்டடி பின்னால் வந்தாள். கல்யாணம் முடிந்ததிலிருந்து நாங்கள் தனியாகப் பேசியதை எல்லாம் சேர்த்தால் அந்தத் தெரு நீளம்கூட வராது.

"அந்தச் சொல்லை எப்படி வெட்டுனீக?" என்றாள்.

சொன்னேன். கம்பானியள் வரைக்கும் சொன்னேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் அடக்கிக்கொண்டாள்.

"வெட்டிச் சொன்னா அது அந்தச் சொல்லுதானா, இல்ல வேறயா?"

"வெட்டிட்டா வெறும் துண்டுதான். ஒட்டுனாத்தான் சொல்லு" என்றேன், பெரிய பண்டிதன் போல.

பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டி, அதன் புகையில் வண்டி ஓட்டினார்கள். கிளீனர் அடுப்புக்குக் காற்று சுழற்றிக்கொண்டிருந்தார். பெண்களுக்கு முன்பக்கம் இடம். எனக்குக் கடைசி பெஞ்சு, அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு மிளகாய் மூட்டைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவே. நான் கூட்டிக்கொண்டு போகும் பெண்டாட்டியில் எனக்குத் தெரிந்தது பின்கொண்டை மட்டும்.

வண்டி கிளம்பும் முன் கண்டக்டர் முன்பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டு வந்தார்.

"எங்கம்மா எறங்கணும்?"

கோமதி பேசவில்லை.

இங்கே ஒரு சமாசாரம் சொல்ல வேண்டும். என் பெயர் காசி. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் வேறு சொல்லையும் சொல்லக் கூடாது என்பது அன்றைய வழக்கம். ஆகவே என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து கோமதிக்கு ஒரு முழு ஊர் வாயில் வராமல் போயிற்று. அவளுக்கு அது 'அங்கன', அவ்வளவுதான்.

"துட்டை உங்க ஆள்ட்ட வாங்கிக்கிடுதேன். எறங்குற ஊரைச் சொல்லும்மா. கடையநல்லூரா?"

"அதுக்கு அங்கன."

"செங்கோட்டையா?"

"அதுக்கு இங்கன."

பக்கத்திலிருந்த அம்மாள் ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "ஏ கண்டக்டரு, வீட்டுக்காரரு பேரு போலடே. பிள்ளையப் போட்டு வதைக்காதே" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது.

நான் ஊரைச் சொல்ல எழுந்தேன். மிளகாய் மூட்டை சாய்ந்தது. ஆட்டுக்குட்டி கத்தியது. கோமதி திரும்பி என்னைப் பார்த்து, மடியிலிருந்த கையை லேசாக உயர்த்தினாள். உட்காருங்கள் என்று அர்த்தம். உட்கார்ந்தேன்.

"தென்" என்றாள் கண்டக்டரிடம்.

நிறுத்தினாள். ஒரு மூச்சு விட்டாள்.

"காசி."

"ரெண்டையும் சேத்துச் சொல்லும்மா!"

"நீங்களே சேத்துக்கிடுங்க அண்ணாச்சி."

பஸ்ஸே திரும்பி, இதில் எவன் அந்தக் காசி என்று தேடியது. நான் கரிப் புகையைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுவருஷம் அந்தப் பரீட்சையில் பாஸானேன். நிரந்தரமானேன். ரிடையரும் ஆனேன். கோமதி கடைசிவரைக்கும் அந்த ஊரை 'அங்கன' என்றுதான் சொன்னாள். இன்னொரு தடவை வெட்டிச் சொல் என்று நான் கேட்டதும் இல்லை. ஒரு தடவை காதால் கேட்டாயிற்று, போதும் என்று இருந்துவிட்டேன். அவள் போன பிறகு இந்த வீட்டில் உட்கார்ந்து யோசித்தால், போதவில்லை.